நல்லவர்மீது ஏன் இந்தக் கோபம்?

1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் முதியவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஹெலிகாப்டர் ஓட்டி வந்த ஹ்யூ தாம்ப்சன் தரையிறங்கி, ஒளிந்திருந்த கிராமத்தாருக்கும் தன் நாட்டு வீரர்களுக்கும் குறுக்கே நின்று, சிலரை உயிரோடு மீட்டார். கண்டதை மேலதிகாரிகளிடம் சொன்னார். பின்னர் விசாரணையிலும் சாட்சி சொன்னார். நாடு திரும்பியவருக்குக் கிடைத்தவை துரோகிப் பட்டமும் கொலை மிரட்டலும்தான். அந்தக் கொலைகளுக்காக ஆயுள் தண்டனை பெற்ற லெப்டினன்ட் காலிக்கோ பொதுமக்களின் அனுதாபம் குவிந்தது. சில ஆண்டு வீட்டுக் காவலோடு வெளியே வந்துவிட்டார். தாம்ப்சன் செய்ததை உள்ளபடி ஏற்று ராணுவம் பதக்கம் தர 30 ஆண்டுகள் பிடித்தன.

போர்க்கால வெறி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. உளவியலாளர் பெனுவா மோனனும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று சந்தேக நபர்களில் திருடனைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். தடயமெல்லாம் கறுப்பினத்தவர் பக்கமே காட்டும்படி கதை அமைந்திருந்தது. இது இனவெறி, செய்யமாட்டேன் என்று ஒருவர் மறுத்ததாகப் பங்கேற்றவர்களுக்குக் காட்டப்பட்டது. வெறுமனே பார்வையாளர்களாக இருந்தவர்களுக்கு அவரைப் பிடித்தது. முணுமுணுக்காமல் அந்த வேலையைச் செய்து முடித்திருந்தவர்களுக்கோ பிடிக்கவில்லை.

கொள்கை பேசுகிறவர்கள் பிறரைத் தாழ்த்திப் பேசுகிறார்கள், அதனால்தான் வெறுப்பு என்பார்கள். அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் இந்த ஆய்வில் மறுத்தவரின் சொல்லும் தொனியும் இரு தரப்பாருக்கும் ஒன்றே. மாறியது, கேட்டவர் ஏற்கெனவே என்ன செய்திருந்தார் என்பது மட்டும். ஒருவரின் மறுப்பு, மறுக்காமல் இருந்த எல்லோரையும் கூண்டில் ஏற்றிவிடுகிறது. வாயே திறக்காவிட்டாலும் ஏற்றிவிடுகிறது. அதனால் பணிவாகப் பேசினால் தப்பிக்கலாம் என்ற அறிவுரையை நான் பெரிதாக நம்பவில்லை. இப்படி ஒரு விலை கொடுக்க நேர்ந்தால்தான் உண்மையான கொள்கைக்காரர் யார் என்று தெரியும் என்ற வாதம் இன்னும் கொடியது. அந்த விலை எல்லோருக்கும் ஒன்றல்ல: பதவியும் சேமிப்பும் உள்ளவர் தாக்குப்பிடிப்பார், தினக்கூலிக்காரரும், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்ணும் முதல் வாரத்திலேயே ஒடுங்கிப்போவார்கள். அநீதியை அருகிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

அதே ஆய்வில் நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் உண்டு. தங்களிடமுள்ள நல்ல குணம் ஒன்றைப் பற்றி முன்கூட்டியே எழுதியவர்களுக்கு, மறுத்தவர்மேல் அவ்வளவு வெறுப்பு எழவில்லை. தன் மதிப்பு பறிபோகாது என்று உணர்ந்தவரால் பிறர் நேர்மையைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது. அலுவலகத்தில் ஒருவர் தவறைச் சுட்டிக்காட்டும்போது, அதுவரை சும்மா இருந்தவர்களுக்கும் கௌரவமாகப் பக்கம் மாற வழி விடுவது தலைமையில் இருப்பவர்களின் பொறுப்பு. சொன்னவரே அதையும் சுமக்க வேண்டும் என்பது நியாயமில்லை.