நிலைப்படக் கேமராவும் லென்ஸும் தேர்ந்தெடுத்தல்

லென்ஸ் மாற்றத்தக்க கேமரா இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒளியைத் திரட்டிப் பிம்பத்தை உருவாக்குவது லென்ஸ். அப்பிம்பத்தைப் பதிவு செய்வது கேமராவின் உடற்பகுதி. மின்னணுக் கருவியான உடற்பகுதிக்குச் சில ஆண்டுகளிலேயே புதிய மாதிரிகள் வந்துவிடுகின்றன. நன்கு பேணப்படும் லென்ஸ் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். ஆகவே, முதல் கேமராவை வாங்குபவர் அதனுடன் சேர்த்து நெடுங்காலம் பயன்படுத்தப்போகும் லென்ஸ் வரிசை ஒன்றையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

பொருத்துவாய்

லென்ஸும் உடற்பகுதியும் இணையும் வளையம் பொருத்துவாய் அல்லது மவுண்ட் எனப்படும். இது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். நிக்கான் தனது எஃப் பொருத்துவாயை 1959 இல் அறிமுகப்படுத்தியது. கேனான் 1987 இல் இஎஃப் பொருத்துவாய்க்கு மாறியபோது, அதன் பழைய எஃப்டி லென்ஸ்கள் புதிய கேமராக்களில் நேரடியாகப் பொருந்தவில்லை. 2018 இல் இரு நிறுவனங்களும் ஆடியில்லாக் கேமராக்களுக்கென முறையே இசட், ஆர்எஃப் என்னும் புதிய பொருத்துவாய்களை வெளியிட்டன.

ஆடியும் அது மேலெழும் இடமும் நீங்கியதால் பொருத்துவாய்க்கும் உணரிக்கும் இடையிலான தொலைவு குறைந்தது. நிக்கான் எஃப் வகையில் 46.5 மி.மீ. ஆக இருந்த இத்தொலைவு இசட் வகையில் 16 மி.மீ. ஆகும். கேனானில் அது 44 மி.மீ. இலிருந்து 20 மி.மீ. ஆனது. எனவே பழைய லென்ஸை இணைப்பு வளையம் மூலம் ஆடியில்லாக் கேமராவில் பொருத்தலாம். ஆடியில்லாக் கேமராவுக்கான லென்ஸைப் பழைய கேமராவில் பயன்படுத்த இயலாது. அது உணரியிலிருந்து மிகவும் விலகி நிற்பதால் தொலைவிலுள்ள பொருள் தெளிவாகக் குவியாது.

பொருந்தும் லென்ஸ் முழுமையாக இயங்கும் என்பதும் உறுதியில்லை. நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களில் குவிய மோட்டார் இல்லை. உடற்பகுதியிலுள்ள மோட்டாரே அவற்றை இயக்குகிறது. டி3500, டி5600 போன்ற கேமராக்களில் அம்மோட்டார் இல்லாததால், இவ்வகை லென்ஸ்களைக் கையால் திருப்பியே குவியப்படுத்த வேண்டும்.

உணரியின் அளவு

முழுச்சட்ட உணரி ஏறத்தாழ 36×24 மி.மீ. அளவுடையது. ஏபிஎஸ்-சி வகை சுமார் 23.5×15.6 மி.மீ. (கேனானில் சற்றுச் சிறியது). மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3×13 மி.மீ. உணரி சிறிதானால் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே பதிவாகும். இதனால் 50 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சி கேமராவில், முழுச்சட்டத்தில் 75 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குக் குறுகிய காட்சியைத் தரும். கேனானில் இது 80 மி.மீ., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 100 மி.மீ. ஆகும். தொலைவிலுள்ள பறவையைப் படமெடுப்பவருக்கு இது உதவும். சிறிய அறைக்குள் குடும்பப் படம் எடுப்பவருக்கு இடையூறாகும்.

படப்புள்ளி எண்ணிக்கைக்கு அளவுக்கு மீறிய மதிப்புத் தரத் தேவையில்லை. 24 மெகாபிக்சல் படம் 6000×4000 புள்ளிகள் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அதனை 20×13 அங்குல அளவில் அச்சிடலாம்.

ஒளித்துளையும் வேகமும்

லென்ஸின் ஒளித்துளை எஃப் எண்ணால் குறிக்கப்படும். எண் சிறிதாக ஆக, துளை பெரிதாகும். கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18–55 மி.மீ. லென்ஸில் 55 மி.மீ. முனையில் பெரும்பாலும் எஃப்/5.6 வரையே துளை திறக்கும். எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும்.

மங்கலான அரங்கில் நடக்கும் பரதநாட்டிய நிகழ்ச்சி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எஃப்/5.6 இல் ஷட்டர் வேகம் 1/20 வினாடியாக இருந்தால், ஆடுபவரின் கைகள் கலங்கிப் பதிவாகும். ஐஎஸ்ஓ அளவை மாற்றாமலே எஃப்/1.8 லென்ஸ் அவ்வேகத்தை 1/200 வினாடிக்கு அருகில் கொண்டுவரும். கேமராவிலோ லென்ஸிலோ உள்ள அதிர்வுத் தடுப்பு இங்குப் போதாது. அது படமெடுப்பவரின் கை நடுக்கத்தை ஈடுசெய்யும். ஆடுபவரின் அசைவை நிறுத்தாது.

பயன்பாட்டுக்கேற்ற தேர்வு

கீழுள்ள அளவுகள் முழுச்சட்டக் கேமராவுக்கு உரியவை.

• நிலக்காட்சி, கட்டடம்: 16–35 மி.மீ.
• தெரு, அன்றாட நிகழ்வுகள்: 35 அல்லது 50 மி.மீ.
• முகப்படம்: 85 மி.மீ.
• பறவை, காட்டுயிர்: 400 மி.மீ. அல்லது அதற்கு மேல்
• பூச்சி, மலர்: 100 மி.மீ. அளவிலான மேக்ரோ லென்ஸ்

அடுத்த லென்ஸ் எது என்பதை முன்பு எடுத்த படங்களே காட்டும். ஒவ்வொரு படக்கோப்பிலும் குவியத் தூரம், ஒளித்துளை, ஷட்டர் வேகம் ஆகியவை பதிவாகியிருக்கும். பெரும்பாலான படங்கள் 55 மி.மீ. முனையில் எடுக்கப்பட்டிருந்தால், தொலைநோக்கு லென்ஸ் தேவைப்படலாம். ஷட்டர் வேகம் குறைந்து படங்கள் கலங்கியிருந்தால், பெரிய ஒளித்துளையுள்ள லென்ஸ் பயன்தரும்.

பயன்படுத்தியவற்றை வாங்குதல்

பழைய லென்ஸின் ஒரு முனையில் கைவிளக்கை ஒளிரவிட்டு மறுமுனை வழியே பார்த்தால் பூஞ்சை நூலிழை போலத் தெரியும். பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்த பின்னும் தடம் மறையாது. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற ஈரப்பதம் மிக்க கடலோர ஊர்களில் இச்சோதனை மிகத் தேவையானது. சிலிக்கா ஜெல் இட்ட, காற்றுப் புகாத பெட்டியில் 40–50 விழுக்காடு ஈரப்பதத்தில் லென்ஸை வைப்பது பாதுகாப்பானது. உடற்பகுதியை வாங்கும்போது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியுள்ளது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

குறைந்த பணத்தில் தொடங்குபவர் விலையுயர்ந்த உடற்பகுதியில் முழுத்தொகையையும் செலவிட்டால், மீதமிருப்பது கேமராவுடன் வந்த லென்ஸ் மட்டுமே. எளிய உடற்பகுதியுடன் தன் தேவைக்கேற்ற நல்ல லென்ஸ் ஒன்றை வாங்குவது பெரும்பாலானோருக்குச் சிறந்த தொடக்கமாகும். அதே பொருத்துவாயுள்ள வேறு உடற்பகுதியைப் பின்னர் வாங்கினாலும், அந்த லென்ஸ் தொடர்ந்து பயன்படும்.