வில்லன் ஜெயித்த கதையைப் படமாக்குவது எப்படி? சுன் டூ-ஹ்வானும் '12.12: தி டே' படமும்

(இது எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



2023 நவம்பர் கடைசியில் தென் கொரியாவில் ஒரு வினோதமான சேலஞ்ச் ஓடியது. தியேட்டரில் ஒரு படம் பார்க்க வேண்டும். பார்க்கும்போது ஸ்மார்ட் வாட்ச்சில் இதயத் துடிப்பு எவ்வளவு எகிறியது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து சோஷியல் மீடியாவில் போட வேண்டும். "பாருங்க, எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கு"ன்னு காட்டுறதுக்காக!

பேய்ப் படமா? இல்லை. 1979 டிசம்பர் 12 ராத்திரி, சியோல் நகரத்தில் நடந்த ஓர் ஆட்சிக் கவிழ்ப்பு பற்றிய படம். பெயர் '12.12: தி டே'. கொரிய மொழித் தலைப்புக்கு 'சியோலின் வசந்தம்' என்று அர்த்தம். 1 கோடியே 31 லட்சம் டிக்கெட் விற்றது. அந்த நாட்டின் மக்கள்தொகையே 5 கோடி சொச்சம்தான்.

முடிவு எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். வில்லன் ஜெயித்துவிடுவான். ஜெயித்தது மட்டுமில்லை, ஏழு வருஷத்துக்கு மேல் நாட்டை ஆண்டு, 90 வயசு வரைக்கும் வாழ்ந்து, சொந்த வீட்டிலேயே செத்தும் போனான். இப்படி ஒரு கதையை ஏன் எடுக்கணும்? எடுத்தால், ஜெயித்தவனை ஹீரோ ஆக்காமல் எப்படி எடுக்கிறது? இன்னைக்கு எபிசோட் இதைப் பற்றித்தான். ஸ்பாய்லர் பயம் வேண்டாம், வரலாறே ஸ்பாய்லர்தான்.

யார் இந்த ஆள்?

1979 அக்டோபர் 26. பதினெட்டு வருஷமாகத் தென் கொரியாவைத் தன் பிடியில் வைத்திருந்த சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீ, இரவு விருந்தின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது அவருடைய உளவுத்துறைத் தலைவர் கிம் ஜே-கியூ. நாடு முழுக்கக் குழப்பம். ஒரு வழியாக ஜனநாயகம் வரப்போகிறது என்று மக்கள் நம்பிய அந்தச் சில மாதங்களைத்தான் 'சியோலின் வசந்தம்' என்கிறார்கள்.

இந்தக் கொலையை விசாரிக்கும் பொறுப்பு ராணுவப் பாதுகாப்புப் பிரிவின் தளபதிக்குப் போனது. அவர்தான் மேஜர் ஜெனரல் சுன் டூ-ஹ்வான். தோளில் இரண்டே நட்சத்திரம். ஆனால் கையில் இரண்டு பெரிய ஆயுதங்கள்.

முதல் ஆயுதம், 'ஹனாஹோ' என்ற ரகசியக் குழு. ராணுவ அகாடமியில் ஒன்றாகப் படித்தவர்களை மையமாக வைத்து உருவானது. முக்கியமான படைப்பிரிவுகளில் எல்லாம் இவர்களுடைய ஆட்கள். இரண்டாவது ஆயுதம், டெலிபோன். யார் யாரிடம் என்ன பேசுகிறார் என்று ராணுவத் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்கும் வசதி சுன் கையில் இருந்தது. அந்த ராத்திரியில் டாங்கியை விட இதுதான் பெரிய பலம்.

அந்த ஒன்பது, பத்து மணி நேரம்

அதிபர் கொலையான இரவில் ராணுவத் தலைமைத் தளபதி ஜியோங் சுங்-ஹ்வா, கிம் ஜே-கியூவின் அழைப்பின் பேரில் பக்கத்துக் கட்டடத்தில்தான் இருந்தார். 'அப்போ இவருக்கும் கொலையில் பங்கு இருக்கு' என்று சுன் பிடித்துக்கொண்டார். டிசம்பர் 12 மாலை ஏழு மணி வாக்கில் அவருடைய ஆட்கள் தளபதியின் வீட்டுக்குப் போய், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நட்சத்திரக்காரர் நான்கு நட்சத்திரக்காரரைக் கைது செய்கிறார், அதுவும் அதிபரின் அனுமதி இல்லாமல்!

அதே நேரத்தில் சுன், அதிபர் சோய் கியூ-ஹாவிடம் போய்க் கையெழுத்துக் கேட்கிறார். "பாதுகாப்பு அமைச்சர் வரட்டும்" என்கிறார் அவர். அமைச்சர் எங்கே? வெடிச் சத்தம் கேட்டதும் குடும்பத்தோடு கிளம்பியவர், அமெரிக்க ராணுவ வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தார். அதிகாலையில் அமைச்சக அடித்தளத்தில் அவரைக் கண்டுபிடித்தார்கள். படத்தில் இதைப் பார்க்கும்போது சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் வயிறு எரியும்.

எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் தலைநகரக் காவல் படைத் தளபதி ஜாங் டே-வான். ஆனால் அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகளில் பலர் ஏற்கெனவே ஹனாஹோ ஆட்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

இந்த இரவில் என்னை ரொம்பத் தொந்தரவு செய்த விஷயம் ஒன்று உண்டு. அரசு தரப்பை ஆதரித்த 9-வது வான்குடைப் படைப் பிரிவு சியோலை நோக்கிக் கிளம்பிவிட்டது. அது வந்து சேர்ந்திருந்தால் கதை மாறியிருக்கலாம். அப்போது இரண்டு தரப்பும் போனில் ஓர் ஒப்பந்தம் செய்கின்றன: ரத்தம் சிந்த வேண்டாம், நீங்களும் நிறுத்துங்க, நாங்களும் நிறுத்துறோம். அரசு தரப்பு சொன்ன சொல்லைக் காப்பாற்றி, படையைத் திருப்பி அனுப்பியது. சுன் தரப்பு காப்பாற்றவில்லை. அவர்களுடைய 1-வது வான்குடைப் படைப் பிரிவு ஹான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்து பாதுகாப்பு அமைச்சகத்தையும் ராணுவத் தலைமையகத்தையும் பிடித்தது. வட கொரியாவைப் பார்த்துக்கொண்டு எல்லையில் நிற்க வேண்டிய 9-வது டிவிஷனில் இருந்தும் படைகளை உருவி அனுப்பினார் சுன்னின் நண்பர் ரோ டே-வூ.

விடிவதற்குள் முடிந்தது. கடைசியில் கையெழுத்துப் போட்ட அதிபர், அதன் பக்கத்திலேயே தேதியையும் அதிகாலை 5:10 என்ற நேரத்தையும் எழுதினார். அதாவது, 'எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் என்னிடம் வாங்கினார்கள்' என்பதற்கு ஒரு சாட்சி. அவரால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

சுன் பெரிய மூளைக்காரன் என்பதால் மட்டும் ஜெயிக்கவில்லை. முடிவெடுக்க வேண்டிய ஒவ்வொரு பெரிய மனிதரும் 'இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டார்கள். படம் பார்க்கும்போது இதயம் எகிறுவதற்குக் காரணம் வில்லன் இல்லை, இவர்கள்தான்!

வில்லன் மேல் காதல் வந்துவிட்டால்?

சுன்னைத் திரையில் காட்டுவது கொரியாவில் எப்போதுமே சிக்கலான வேலை. அவர் ஆட்சியில் இருந்தபோது பார்க் யோங்-சிக் என்ற நடிகர், முகச்சாயலில் சுன் மாதிரியே இருந்த ஒரே குற்றத்துக்காக டிவியில் நடிக்க முடியாமல் போனது. பிழைப்புக்காக எள்ளெண்ணெய் வியாபாரம் செய்தார். காலம் மாறிய பிறகு, டிவி தொடர்களில் அதே சுன்னாகவே நடித்தார். இதை விட அழகான பழிவாங்கல் இருக்க முடியுமா, தெரியவில்லை.

ஆனால் 2005-ல் இன்னொரு பிரச்சனை வந்தது. 'ஐந்தாம் குடியரசு' என்ற எம்பிசி தொடரில் லீ டியோக்-ஹ்வா என்ற நடிகர் சுன்னாக மிரட்டினார். மிரட்டல் எந்த அளவுக்கு என்றால், நிஜ சுன்னை ரசிக்கும் இணையக் குழுவில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். சர்வாதிகாரியை அம்பலப்படுத்த எடுத்த தொடர், அவருக்கு ரசிகர் மன்றம் வளர்த்தது. கெத்தான வில்லனைக் கொண்டாடும் பழக்கம் நமக்கும் புதுசு இல்லையே?

'12.12' இயக்குநர் கிம் சுங்-சூவுக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரியும். அந்த ராத்திரி அவர் பள்ளி மாணவர். தளபதி வீடு இருந்த ஹன்னம்-டாங் பகுதியில்தான் இவர் வீடும். துப்பாக்கிச் சத்தத்தைக் காதால் கேட்டவர். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அவருக்குப் பல வருஷம் ஆனது.

அவர் முதலில் செய்தது, பெயரை மாற்றியது. படத்தில் வில்லன் பெயர் சுன் டூ-ஹ்வான் இல்லை, சுன் டூ-குவாங். பெயரில் ஒரு அசைதான் மாறியிருக்கிறது. வழுக்கைத் தலை அப்படியே இருக்கிறது. யாரை ஏமாற்ற? யாரையும் இல்லை. கற்பனைக்கு இடம் வேண்டும் என்பதற்காக. கொரியாவில் இதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. பார்க் சுங்-ஹீ கொலையை வைத்து 2005-ல் வந்த ஒரு படத்தின் மேல் அவருடைய மகன் வழக்குப் போட்டார். கிட்டத்தட்ட நான்கு நிமிட ஆவணக் காட்சிகளை நீக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த இடத்தில் திரை வெறுமையாக ஓடியது.

அடுத்து, வில்லனுக்குக் கம்பீரம் தரவில்லை. 'தி வெய்லிங்' படத்தில் பார்த்திருப்பீர்களே, ஹ்வாங் ஜங்-மின், அவர்தான் இந்த வேடத்தில். இந்தச் சுன் ஆசைக்காரன், நச்சரிப்பவன், கூட இருப்பவர்களின் பயத்தையும் பேராசையையும் கிளறிவிட்டு வேலை வாங்குபவன். ஜெயித்த பிறகு அவன் தனியாகச் சிரிக்கும் இடம் எது தெரியுமா? கழிவறை. வெற்றிவிழாவை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார் இயக்குநர்.

பிறகு கடைசி ஷாட். கவிழ்ப்பு முடிந்ததும் அந்தக் கூட்டம் நிஜமாகவே ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டது. படம் அதை அப்படியே மறுபடி உருவாக்கி, பின்னாடி யார் யார் என்னென்ன பதவிக்குப் போனார்கள் என்று எழுத்தில் போடுகிறது. பெருமைக்காக எடுத்த போட்டோ, குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது.

எது நிஜம், எது சினிமா?

ஜங் வூ-சுங் நடித்த லீ டே-ஷின் பாத்திரம் ஜாங் டே-வானை வைத்து எழுதப்பட்டது. படத்தில் அமைதியான மனிதர். நிஜ ஜாங் போனில் கத்தித் தீர்த்த கோபக்காரர். கிளைமாக்ஸில் தடுப்புகளைத் தாண்டி அவர் வில்லனுக்கு எதிரே நடந்து போகும் காட்சி நடக்கவே இல்லை. நிஜத்தில், கையில் இருந்த சொற்பப் படையோடு போராடிப் பார்த்தவரை, அவருடைய தலைமையகத்திலேயே, அவருக்குக் கீழே வேலை செய்தவர்களே கைது செய்தார்கள்.

ஜங் ஹே-இன் சின்ன வேடத்தில் வருகிறாரே, அது நிஜம். தன் தளபதியைத் தனியாகப் பாதுகாத்து நின்று குண்டடிபட்டு இறந்த மேஜர் கிம் ஓ-ராங்தான் அந்தப் பாத்திரம்.

படம் விடிகாலையோடு நின்றுவிடுகிறது. வாழ்க்கை நிற்கவில்லை. சில மாதங்களில் ஜாங்கின் அப்பா இறந்தார். 1982-ல் பல்கலைக்கழக மாணவரான மகன் இறந்துகிடந்தார். 1980 மே மாதம் குவாங்ஜு நகரத்தில் எழுந்த மக்கள் போராட்டத்தை சுன்னின் படைகள் நசுக்கின. அரசுக் கணக்குப்படியே 160-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அந்தச் செப்டம்பரில் சுன் அதிபர் ஆனார்.

கோர்ட் என்ன செய்தது?

தோற்றால் துரோகம், ஜெயித்தால் புரட்சி. படத்தில் வில்லனின் தத்துவம் இதுதான். நம் செய்தித்தாள்களும் இந்த மாதிரிக் கவிழ்ப்பை 'ராணுவப் புரட்சி' என்றுதான் எழுதிப் பழகியிருக்கின்றன. கொஞ்சம் யோசிக்க வேண்டிய வார்த்தை.

1995-ல் கொரிய அரசு வழக்கறிஞர்களும் கிட்டத்தட்ட அதே லாஜிக்கில், வெற்றி பெற்ற கவிழ்ப்பைத் தண்டிக்க முடியாது என்று கையை விரித்தார்கள். மக்கள் கொந்தளித்தார்கள். தனிச் சட்டம் வந்தது. 1996-ல் சுன்னுக்கு மரண தண்டனை, மேல்முறையீட்டில் ஆயுள், 1997 டிசம்பரில் பொதுமன்னிப்பு. கூடவே 220.5 பில்லியன் வோன் கட்டச் சொல்லியிருந்தார்கள். 2003-ல் அவர் தன் கணக்கில் சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் வோன்தான் இருக்கு என்றார். சில நூறு டாலர்! அந்தத் தொகை இன்றும் கொரியாவில் ஜோக். 2021 நவம்பர் 23-ல் இறந்தார். குவாங்ஜுவுக்காக மன்னிப்புக் கேட்கவே இல்லை.

கோர்ட் தண்டித்தும் தண்டனை முடியாமல் போன இடத்தில்தான் இந்தப் படம் நிற்கிறது. வந்த 1 கோடிப் பேரில் நிறைய பேர் அந்த ராத்திரிக்குப் பிறகு பிறந்தவர்கள்.

ஒரு வருஷம் கழித்து...

2024 டிசம்பர் 3, இரவு பத்தரை மணி வாக்கில் அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். சுன் காலத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை. உடனே இந்தப் படத்தின் போஸ்டரை மாற்றிய மீம்கள் இணையத்தில் பறந்தன. மக்கள் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடினார்கள். எம்.பி.க்கள் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போய், நள்ளிரவு ஒரு மணிக்கு 190-க்கு பூஜ்ஜியம் என்று அதை ரத்து செய்ய வாக்களித்தார்கள். 2025 ஏப்ரல் 4-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் யூனைப் பதவியிலிருந்து நீக்கியது.

ஒரு சினிமா ஜனநாயகத்தைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. குவாங்ஜுவிலும், 1987 ஜூன் போராட்டத்திலும் தெருவுக்கு வந்தவர்களின் நினைவு அங்கே ரொம்ப ஆழம். ஆனால் 1979-ல் பெரிய மனிதர்கள் எல்லாம் 'கொஞ்சம் பார்க்கலாம்' என்று காத்திருந்தார்கள். 2024-ல் யாரும் காத்திருக்கவில்லை. தாமதித்தால் என்ன ஆகும் என்று அதற்கு ஒரு வருஷம் முன்னாடிதான் 141 நிமிஷம் உட்கார்ந்து பார்த்திருந்தார்களே!

இந்த வரலாற்றை வரிசையாகப் பார்க்கணும்னு தோணுச்சுன்னா: பார்க் கொலைக்கு 'தி மேன் ஸ்டாண்டிங் நெக்ஸ்ட்', அடுத்து '12.12: தி டே', குவாங்ஜுவுக்கு 'எ டாக்சி டிரைவர்', சுன் ஆட்சியின் முடிவுக்கு '1987: வென் தி டே கம்ஸ்'. நாலையும் ஒரே வார இறுதியில் பார்க்காதீங்க, வாட்ச் தாங்காது.

நீங்க பார்த்ததில், நிஜ சர்வாதிகாரியைக் கெத்து காட்டாமல் சரியாகக் காட்டிய படம் எது? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.