புதிய டயர் முன்னுக்கா, பின்னுக்கா?

விளக்கக் கட்டுரை என்றாலே மாணவர்களுக்கு வாசிப்பின் பயன், சுற்றுப்புறத் தூய்மை போன்ற பழகிய தலைப்புகள்தாம் நினைவுக்கு வருகின்றன. அன்றாடம் எழும் ஒரு கேள்விக்குக் காரண காரியத்தோடு விடை சொல்வதும் விளக்கக் கட்டுரையே. மேலும், மலேசியாவில் 17 வயதிலேயே கார் லைசென்ஸ் எடுக்கலாம். படிவம் 5 முடித்த கையோடு பலர் எடுத்தும் விடுகிறார்கள். முதலில் ஓட்டக் கிடைப்பது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பழைய கார். ஆகவே, இந்தத் தலைப்பு தேர்வோடு முடிந்துவிடாது.

கேள்வி என்ன?

நான்கு டயரையும் ஒரே நேரத்தில் மாற்ற எல்லாருக்கும் வசதிப்படாது. இரண்டு மட்டும் வாங்குகிறோம். பட்டறையில் கேட்பார்கள்: “பாஸ், புதுசை முன்னுக்குப் போடவா, பின்னுக்குப் போடவா?”

பலரும் யோசிக்காமல் “முன்னுக்கே போடுங்க” என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு நியாயமும் இருக்கிறது. மைவி, சாகா, ஆக்சியா போன்ற கார்களில் எஞ்சினின் விசை முன் சக்கரங்களுக்குத்தான் போகிறது. திருப்புவதும் முன் சக்கரங்களே. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்வதால் அங்கும் முன் டயருக்கே அதிக வேலை. அதனால் முன் டயர் சீக்கிரம் தேய்கிறது. அதிகம் உழைக்கும் இடத்தில் புதியதைப் போடுவோம் என்று நினைக்கிறோம்.

காரணங்கள் எல்லாம் சரி, முடிவுதான் தவறு. இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவை பின்னால் போக வேண்டும். மிச்செலின் முதலிய டயர் தயாரிப்பாளர்களின் பரிந்துரையும் இதுதான்.

மழையில் டயர் என்ன செய்கிறது?

ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். டயரில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்களின் முக்கிய வேலை, அந்த உள்ளங்கை அளவு இடத்திலிருந்து மழைநீரை வெளியே தள்ளுவது. புதிய டயரில் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். தேயத் தேயத் தண்ணீர் ஒதுங்க இடம் குறையும். ஒரு கட்டத்தில் டயர் சாலையைத் தொடாமல் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். இதை நீர்ச்சறுக்கல் எனலாம். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் சுமார் 30 மீட்டர் கடந்துவிடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்காதபோது, தேய்ந்த சோடிதான் முதலில் பிடி இழக்கும். அப்படியானால் உண்மையான கேள்வி இதுதான்: எந்தப் பக்கம் வழுக்கினால் ஓட்டுநரால் சமாளிக்க முடியும்?

இரண்டு வழுக்கல்கள்

முன் டயர் வழுக்கினால், ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் கார் போதிய அளவு திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஸ்டீரிங் திடீரென லேசாகிவிட்டதைக் கை உணரும். பயந்துபோன ஓட்டுநர் இயல்பாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். வேகம் குறையும், எடை முன்னால் சாயும். பெரும்பாலும் முன் டயர் மீண்டும் சாலையைப் பற்றிக்கொள்ளும்.

பின் டயர் வழுக்கினால் கதையே வேறு. காரின் பின்பகுதி பக்கவாட்டில் வீசி, கார் சுழலப் பார்க்கும். இங்கும் ஓட்டுநர் பயந்து காலை எடுப்பார் அல்லது பிரேக்கை மிதிப்பார். எடை முன்னால் சாயும்போது பின்பகுதி இன்னும் லேசாகிவிடும், சுழற்சி மேலும் கூடும். அதாவது, முன் வழுக்கலில் காப்பாற்றிய அதே அனிச்சைச் செயல், பின் வழுக்கலில் நிலைமையைக் கெடுக்கிறது. பின்பகுதி வீசும் திசையிலேயே ஸ்டீரிங்கை அளவாகத் திருப்பி மீட்க வேண்டும்; அதுவும் ஒரு வினாடிக்குள். அனுபவசாலிகளுக்கே கடினமான இந்த வேலையை, போன மாதம் லைசென்ஸ் எடுத்த பிள்ளையிடம் எதிர்பார்க்க முடியுமா?

இன்னோர் ஆபத்தும் உண்டு. முன்னால் புதிய டயர் இருந்தால் ஸ்டீரிங் உறுதியாகவே இருக்கும். சாலை எவ்வளவு வழுக்குகிறது என்று கைக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில் வளைவுக்குள் வேகமாக நுழைந்த பிறகுதான் பின்பக்கம் கைவிடும்.

அம்பின் வால்பக்கத்தில் இறகு கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்பு தடுமாறாமல் நேராகப் போக அந்த இறகுதான் காரணம். காருக்குப் பின் டயரின் பிடி அந்த இறகு போன்றது.

வழக்கமான மறுப்புகள்

“பிரேக் முன்னால்தானே அதிகம் பிடிக்கும்?” உண்மைதான். அதனால்தான் முன்னால் போகும் பழைய டயர் நல்ல நிலையில் இருக்க வேண்டும். பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் முன்னுக்கும் ஆகாது, பின்னுக்கும் ஆகாது. அதைக் கழித்துவிட வேண்டியதுதான். அடிக்கடி மழை பெய்யும் நம் நாட்டில், 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றத் திட்டமிடுவது நல்லது.

“என் காரில் ஏபிஎஸ் இருக்கிறதே?” சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவிகள் இருக்கின்ற பிடியைச் சரியாகப் பயன்படுத்த உதவும். இல்லாத பிடியை அவற்றால் உண்டாக்க முடியாது.

“பின்சக்கர இயக்கக் காருக்கு?” அதற்கும் புதியவை பின்னால்தான். நான்கு சக்கர இயக்கம் கொண்ட வாகனங்களில் நான்கையும் சேர்த்து மாற்றச் சொல்வதுண்டு. முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் உள்ள கார்களில் இடம் மாற்றவே முடியாது. இவற்றுக்கு வாகனக் கையேட்டைப் பார்ப்பதே சரி.

பட்டறையில் செய்ய வேண்டியவை

• தேய்ந்த முன் டயர்களைக் கழற்றிவிட்டு, பின்னால் இருப்பவற்றை முன்னுக்கு மாற்றச் சொல்லுங்கள். புதியவை பின்னுக்கு. வேலை கொஞ்சம் கூடும். கூலி சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் தயங்க வேண்டாம்.
• ஒரே அச்சில் உள்ள இரண்டு டயரும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்கட்டும்.
• டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ‘புதுசு’ என்று விற்கப்படும் டயரின் உண்மை வயது அதில் தெரியும்.
• ஏறக்குறைய 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை முன்பின் மாற்றிவந்தால் நான்கும் சமமாகத் தேயும். அடுத்த முறை இந்தக் கேள்வியே எழாமல் நான்கையும் சேர்த்து மாற்றலாம்.

தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் மேற்குக் கரை மாநிலங்களில் மாலை மழை வலுக்கும். புறப்படும் முன் பின் டயரையும் ஒரு முறை குனிந்து பாருங்கள்.

வகுப்பறைப் பயன்பாட்டுக்கு

ஆசிரியர்கள் கவனத்திற்கு: இக்கட்டுரை எதிர்க்கருத்தின் நியாயத்தை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு கேள்வியையே மாற்றி அமைக்கிறது. உயர்மதிப்பெண் கட்டுரைகளுக்கு இந்த உத்தி பெரிதும் உதவும்.

சொல்வளம்: நீர்ச்சறுக்கல், அனிச்சைச் செயல், அச்சு, பக்கச்சுவர், முன்சக்கர இயக்கம்.

வினாக்கள்:
1. முன் டயர் விரைவில் தேய்வதற்கான மூன்று காரணங்களை எழுதுக.
2. முன் வழுக்கல், பின் வழுக்கல் ஆகியவற்றை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
3. பின் டயரை அம்பின் இறகோடு ஒப்பிட்டது பொருத்தமா? உன் கருத்தை விளக்குக.
4. பலரும் சரியென நம்பும் வேறொரு பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் தவறு என 200 சொற்களில் விளக்குக.