வெள்ளைக் குட்டிக்குக் காது கேட்கிறதா?

ராஜபாளையம் நாய் என்றாலே பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான். 2005-இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்ட நான்கு நாட்டு நாயினங்களில் இதுவும் ஒன்று. குட்டி வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், காலின் உயரத்தைப் பார்க்கிறார்கள். காதைச் சோதிப்பவர்கள் குறைவு. இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு.

நிறத்துக்கும் காதுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருகிற நிறமிச் செல்கள், கரு வளரும்போதே உள்காதுக்கும் போய்ச் சேர வேண்டும். அங்குள்ள திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. சிலவகை வெள்ளை நிற மரபணுக்கள் அவற்றை அங்கே சேரவிடுவதில்லை. அப்போது ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே மடிந்துபோகின்றன. மறுபடி அவை முளைப்பதில்லை. டால்மேஷியன் நாய்களுக்கு வரும் செவிட்டுத்தன்மையும் இப்படிப்பட்டதே.

ஒரு காது மட்டும் கேட்கிற குட்டிதான் பெரிய சிக்கல். கூப்பிட்டால் வரும், குறை தெரியாது. வளர்ந்து இணை சேர்ந்தால் குறையைக் குட்டிகளுக்குக் கடத்திவிடும். தலையில் மின்முனைகள் வைத்து, ஒலிக்கு மூளை தரும் பதிலைப் பதிவுசெய்யும் சோதனையில்தான் இது உறுதியாகத் தெரியும். அந்த வசதி எல்லாக் கால்நடை மருத்துவமனைகளிலும் இல்லை. இரண்டு காதும் கேட்காத குட்டியை ஓரளவு நாமே அறியலாம். கூடப் பிறந்தவற்றிடமிருந்து பிரித்து, அது தூங்கும்போது பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். தரை அதிரக்கூடாது, காற்றும் படக்கூடாது.

நல்ல வளர்ப்பாளர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். தாயைக் காட்டுவார், தகப்பன் எது, இரண்டுக்கும் என்ன உறவு என்று சொல்வார். வெள்ளை கெடக்கூடாது என்று அண்ணன் தங்கையையே இணைத்தால், மறைந்திருக்கும் குறைகளும் சேர்ந்தே வெளிவரும். 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. பெட்டைக்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் ஈத்து, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை.

காது கேளாத குட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதைக் கைவிடாதீர்கள். கைச்சைகையாலேயே அதைப் பழக்கலாம். தெருவில் மட்டும் கயிறில்லாமல் விடாதீர்கள், இணை சேர்க்கவும் வேண்டாம்.