திரும்பிப் பார்க்கும் பாடம்

அப்பா கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவர, குரங்குப் பெடலில் நான் சைக்கிள் கற்றேன். விழாமல் ஓட்டக் கற்றுத்தந்தார். சாலை விதிகளை அவருக்கும் எவரும் சொன்னதில்லை. பதினோராம் வகுப்பில் அரசு தந்த இலவச சைக்கிளில் ஒருநாள் சட்டென்று வலப்பக்கம் திரும்பினேன். பின்னால் வந்த லாரி முழங்கையை உரசிச் சென்றது.

பிரிட்டனில் 1947-இல் தொடங்கிய சிறுவர் சைக்கிள் தேர்வில், பின்னால் பார்ப்பதும் கைகாட்டுவதும் பாடங்களாக இருந்தன. இது எளிதன்று, நண்பர்களே! தலை திரும்பினால் தோளும் திரும்பும். ஹேண்டில்பாரும் அப்பக்கமே இழுபடும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடியில் 4 மீட்டர் கடந்துவிடுகிறோம். ஆகவே மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதை விட்டு விலகாமல் திரும்பிப் பார்த்து, பின்னால் நிற்பவர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்லிப் பழக வேண்டும்.

என் தங்கை மூன்று நாளாக விலகிக்கொண்டேயிருக்கிறாள். நேராக ஓட்டும்வரை சாலைக்கு அனுப்புவதாயில்லை. ரேஷன் கடைக்கு யார் போவது என்று அம்மாவுக்குத்தான் கோபம்.