லெச்சுமி என்பது பிழையா?

காரியாபட்டிப் பக்கம் ‘ஏ லெச்சுமி’ என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் கேட்பதும் ‘லெச்சுமி வெடி’தான். பள்ளிப் பதிவேட்டில் அவள் ‘லட்சுமி’ ஆகிறாள், பஜனை மடத்தில் ‘லக்ஷ்மி’, தனித்தமிழ் மேடையில் ‘திருமகள்’. லெச்சுமி மட்டும் கொச்சை, திருத்தப்பட வேண்டியவள். திருத்துகிறவர் யார், எந்த அதிகாரத்தில்?

முதலில் ஒலியைப் பார்ப்போம். சமஸ்கிருத ‘க்ஷ’ பிராகிருதங்களில் ‘க்க’ என்றும் ‘ச்ச’ என்றும் இரு வழியாகப் பிரிந்தது. வங்காளத்தில் அவள் ‘லொக்கி’, அசாமில் ‘லொகிமி’, இந்தி பேசும் கிராமங்களில் ‘லச்மி’. நம் ஏட்டு ‘இலக்குமி’ முதல் வழியையும், வாய்மொழி ‘லெச்சுமி’ இரண்டாம் வழியையும் ஒத்தவை. ஜப்பானியரோ ஒலியையே விட்டுவிட்டு, மங்கலம் என்ற பொருளை எடுத்துக்கொண்டு ‘கிச்சிஜோதென்’ என்று கும்பிடுகிறார்கள்.

வடசொல் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு வரவேண்டும் என்பது தொல்காப்பிய எச்சவியலின் விதி. இதே மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வார், தம் பாசுரங்களில் தன்னை ‘விட்டுசித்தன்’ என்றே சொல்லிக்கொண்டார். ஆண்டாளும் தகப்பன் பேரை அப்படியே சொன்னாள். ‘ஷ்ணு’ ‘ட்டு’ ஆனதற்காகப் பெருமாள் கோபித்துக்கொண்டாரா என்ன?

மந்திரத்தில் ஒலி பிசகக்கூடாது என்பார்கள். பாடசாலைக்குள் அது ஒரு பயிற்சியின் விதி, இருக்கட்டும். ஆனால் அங்கேயும் கிருஷ்ணன் பேரிலுள்ள அந்த உயிரெழுத்தை வடக்கே ‘ரி’ என்கிறார்கள், மராத்தியிலும் ஒடியாவிலும் ‘ரு’ என்கிறார்கள். அதாவது ‘சுத்தத்துக்கும்’ வட்டார வழக்கு உண்டு. அதை யாரும் கொச்சை என்பதில்லை. ஆக, சிக்கல் ஒலியில் இல்லை, பேசுகிற வாய் யாருடையது என்பதில் இருக்கிறது. ‘திருமகள்’ என்று திருத்துகிற நம்மவர்களும் இதற்கு விலக்கல்ல. அவர்களும் அவள் வாயிலிருந்த பேரைத்தான் பறிக்கிறார்கள்.

இது வெறும் இலக்கண வம்பு என்று நினைத்துவிட வேண்டாம். ரேஷன் கார்டில் ‘லெட்சுமி’, ஆதாரில் ‘லட்சுமி’, பேங்க் புஸ்தகத்தில் வேறொன்று என்றிருந்தால், மூணும் ஒருத்திதான் என்று நிரூபிக்க அலைய வேண்டியவள் பட்டாசுக் கூலிக்காரி. அன்றைய கூலியும் போச்சு. தன் பேரைத் தன் நாக்குப்படி சொல்லும் உரிமை விட்டுசித்தனுக்கு இருந்தது. அது லெச்சுமிக்கும் உண்டு. அடுத்த முறை பேனா எடுக்கும்போது, “எப்படித்தா எழுதணும்?” என்று அவளிடமே கேளுங்கள்.