ராஜாவே எழுதின காமெடி: மத்தவிலாசம்

சமஸ்கிருதத்தில் அரசியல் நாடகம்னு கேட்டால் எல்லாரும் சொல்ற பேர் விசாகதத்தர். அவருடைய 'முத்ராராட்சசம்' ஏழு அங்கங்கள். ஒற்றர்கள், போலிக் கடிதம், ஒரு முத்திரை மோதிரம்னு எல்லாத்தையும் வைச்சு, எதிரி மந்திரி ராட்சசனைத் தன் பக்கம் இழுக்கிற சாணக்கியரின் கதை. செம த்ரில்லர். ஆனா நம்ம கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர், தாம்பரம் தாண்டிப் பல்லாவரம் போனால், இன்னொரு நாடக ஆசிரியரின் பெயரைக் கல்லிலேயே பார்க்கலாம்.

பல்லாவரம் மலையில் ஒரு பல்லவர் குடைவரை இருக்கு. அதில் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களை வெட்டி வைச்சிருக்காங்க. அதில் ஒன்று 'மத்தவிலாசன்'. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியை ஆண்ட இவர் எழுதிய நாடகத்தின் பெயரும் 'மத்தவிலாச பிரஹசனம்'தான். பிரஹசனம்னா சிரிப்பு நாடகம். ஒரே அங்கம். நம்ம கல்ச்சுரல்ஸ் ஸ்கிட் மாதிரின்னு வைச்சுக்கலாம். 'சிவகாமியின் சபதம்' படிச்சவங்களுக்கு இந்த மகேந்திரர் ஏற்கெனவே பழக்கமானவர்தான்.

கதை நடக்கிற ஊர் காஞ்சிபுரம். சத்தியசோமன் ஒரு காபாலிகன்; கையில் மண்டை ஓடுதான் பிச்சைப் பாத்திரம். கூடவே துணைவி தேவசோமா. ரெண்டு பேரும் நல்ல போதையில் கள்ளுக்கடைக்குப் போறாங்க. அந்தக் கடையை அவன் யாகசாலையோடு ஒப்பிட்டுப் புகழ்வான்! கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மண்டை ஓட்டைக் காணோம். அந்த வழியா வந்த நாகசேனன் என்ற புத்த பிட்சு மேல் பழி விழுது. சண்டை முற்றுது. பஞ்சாயத்து பண்ண வர்ற பாசுபதனாலும் முடிவு சொல்ல முடியலை. சரி, நியாயசபைக்குப் போகலாம்னு சொல்றான்.

நாடகத்தின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கு. தேவசோமா மறுக்கிறாள். பிட்சுவிடம் விகாரங்களின் வருமானம் இருக்கு, அதிகாரிகளின் வாயை அடைச்சிடுவார். எங்களிடம் என்ன இருக்குன்னு கேட்கிறாள். யோசிச்சுப் பாருங்க. காஞ்சியின் நியாயசபை யாருடையது? எழுதினவருடையது! தன் தலைநகரில் லஞ்சம் நடக்குதுன்னு ஒரு ராஜாவே மேடையில் பேச வைக்கிறார்.

இதை நாம ரெண்டு விதமா பார்க்கலாம். ஒன்று, அந்த வசனத்தைப் பேசுவது குடிச்சிருக்கிற ஒருத்தி. சபையில் யாராவது முகம் சுளித்தால், அது சும்மா காமெடிதானேன்னு தப்பிக்கலாம். இன்னொன்று, பார்க்க வர்றவங்களில் அதே அதிகாரிகளும் இருந்திருப்பாங்க. எல்லாரும் சிரிக்கும்போது அவங்களும் சிரிச்சுத்தான் ஆகணும்.

முடிவு இன்னும் அழகு. உண்மையில் ஓட்டைத் தூக்கிப் போனது ஒரு நாய். உள்ளே வறுத்த கறி இருந்ததே காரணம். நாயிடமிருந்து அதைப் பிடுங்கின பைத்தியக்காரன் ஒருவனால்தான் அது திரும்பக் கிடைக்குது. அதாவது, பிட்சு திருடவே இல்லை. தேவசோமாவின் சந்தேகம் தப்பு. ஆனா அந்தத் தப்பான வழக்குக்கு நடுவில் அவள் சொன்ன பயம் மட்டும் அப்படியே நிற்குது. ஏழைக்கு நியாயசபை வாசல் ஏன் தூரமா தெரியுதுங்கிற கேள்விக்கு நாடகத்தில் தீர்ப்பு இல்லை. மகேந்திரர் அதை நம்மகிட்டயே விட்டுட்டார்.

பிட்சு, காபாலிகன், பாசுபதன்னு மூணு தரப்பையும் ராஜா கிண்டல் பண்றார். ஆனா யாரையும் ஊரைவிட்டுத் துரத்தலை. கடைசியில் எல்லாரும் சமாதானமாப் பிரியறாங்க. அது சமய வாதங்கள் சூடா நடந்த காலம். வடக்கே சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியோடு பகை வேற. அப்படிப்பட்ட நேரத்தில் இந்தச் சிரிப்பு சின்ன விஷயம் இல்லை.

இந்த நாடகம் 1917-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியின் பதிப்பாக அச்சில் வந்தது. கேரளத்தில் சாக்கியார்கள் இதை மேடையில் உயிரோடு வைச்சிருந்தாங்க.

அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு ஸ்கிட் எழுதறவங்க ஒரு தடவை இதைப் படிச்சிடுங்க. அடுத்தவங்களைக் கலாய்க்கிறது ஈஸி. தன் சபையையே கலாய்க்கத்தான் தைரியம் வேணும்.